நைட்டிக் கடைக்குப் போன என் துர்கா பாட்டு

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் ஓர் அசட்டுத் துணிச்சல் உண்டு. தமிழில் பேசினால் அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் புரியாது என்று நினைத்துக்கொள்வோம். லிஃப்டில் எதிரே நிற்கிறவரின் தொப்பையைப் பற்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுவோம். மீன்காரர் தராசைத் தூக்கும்போதே, "இந்தாளு எடையில அடிக்கிறான், பாத்துக்கோ" என்போம். நானும் என் மனைவி சுமதியும் கல்கத்தாவுக்கு வந்த பதினாறு வருடங்களில் இப்படிப் பேசியதையெல்லாம் யாராவது பதிவு செய்து வைத்திருந்தால், லேக் கார்டன்ஸில் எங்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் ஒருபடி மேலே போய், அதை எழுத்திலேயே கொடுத்தவன். (எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அது தனிக் கதை, வருகிறேன்.)

நான் முருகேசன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மூன்று வருடம்தான் என்று சொல்லி மதுரையிலிருந்து அனுப்பினார்கள். அனுப்பியவர் ஓய்வு பெற்றுவிட்டார், நான் இங்கேயே இருக்கிறேன். எங்கள் தெருவின் துர்கா பூஜை கமிட்டியில் எனக்குப் பெயர் முருகேஷ்தா. அண்ணன் என்பதற்கு அங்கே 'தாதா', பெயரோடு சேர்ந்தால் 'தா'. மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? இங்கிலீஷ் லெட்டர். தென்னிந்தியர்கள் இங்கிலீஷ் நன்றாக எழுதுவார்கள் என்று யாரோ அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். போலீஸுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, கரண்ட் ஆபீசுக்கு ஒன்று. மற்றவர்கள் எல்லாம் பந்தல் அலங்காரம், விளக்கு, கவிதை என்று டேபிளைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் மூலையில் உட்கார்ந்து 'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று எழுதிக்கொண்டிருப்பேன். வருடக்கணக்கில் இப்படி எழுதினால் எந்த மனுஷனுக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.

இனி ஷுக்லா பௌதி. பௌதி என்றால் அண்ணி. எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். எங்கள் மகள் நிலா பிறந்த அன்று ஊரிலிருந்து வர வேண்டியவர்கள் வெள்ளத்தில் ரயில் ரத்தாகி விஜயவாடாவில் மாட்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் பௌதி. குழந்தையை முதலில் கையில் வாங்கியவரும் அவர்தான். இந்த ஊரில் எங்களுக்கு உறவு என்று ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது என்னைச் சரியான அளவுக்குத் திட்ட உங்களுக்கு வசதியாக இருக்கும்.

பூஜையின் தொடக்கப் பாட்டை வருடாவருடம் பௌதிதான் எழுதி, மெட்டுப் போட்டு, பாடுவார். நல்ல பாட்டுகள். ஆனால் மெதுவானவை. மிக மிக மெதுவானவை. அவர் 'அம்மா' என்று ஆரம்பித்தால், நாம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரும்போது 'ம்மா'வில் இருப்பார்.

போன வருடத்துக்கு முந்தின பூஜைக்கு நாலு மாதம் இருக்கும்போது, ஆபீஸில் ஒருத்தர் தன் செல்போனில் ஒரு செயலியைக் காட்டினார். என்ன பாட்டு வேண்டும் என்று டைப் அடித்தால் போதும், செயற்கை நுண்ணறிவு வரிகளை எழுதி, மெட்டுப் போட்டு, வாத்தியம் வாசித்து, பாடியும் கொடுத்துவிடும். அவர் தன் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு செய்திருந்தார். மாமனார் அழுதாராம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சுமதி கண்ணயர்ந்த நேரம் பார்த்து அந்தச் செயலியை இறக்கினேன். இலவசத் திட்டம்தான். நீளமாக ஏதோ நிபந்தனைகள் ஓடின. ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்தினேன். (நீங்கள் படித்திருப்பீர்களாக்கும்!) என்ன வேண்டும் என்று கேட்டது. எந்த மொழியிலும் கேட்கலாமாம். நான் தமிழில், கூட்டாளியிடம் புலம்புவதுபோல் மனம்விட்டு டைப் அடித்தேன். என்ன அடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

கையில் இருந்த டீ ஆறவில்லை, பாட்டு வந்துவிட்டது. கேட்டதும் எனக்கு ரோமம் சிலிர்த்தது. டாக் மேளம் அதிர்கிறது. ஒரு பெண் குரல், துர்கையோடு ஒரே பெஞ்சில் படித்த தோழி மாதிரி அவ்வளவு உரிமையாக வங்காளத்தில் கூப்பிடுகிறது. எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. ஆனாலும் கண் கலங்கியது. நாம் எவ்வளவு பெரிய கலைஞன், இத்தனை நாள் தீயணைப்புத் துறைக்கு லெட்டர் எழுதி வீணாகிவிட்டோமே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் அநிர்பன்தா, "ஷுக்லா, இந்த வருஷப் பாட்டு தயாரா?" என்று கேட்டார். (இவர்கள் வங்காளத்தில் பேசியதை எல்லாம் நான் தமிழில் தருகிறேன்.) அநிர்பன்தா வக்கீல். ஹைகோர்ட்டில் கட்சிக்காரர்களைவிட வழக்கை அதிகமாக நேசிப்பவர் என்று பெயர். பௌதி தன் நோட்டைத் திறந்தார்.

"நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றேன்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. செல்போனை மேஜைமேல் வைத்துப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிந்தது. டீக்குவளையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடித்திருந்தார்.

"யார் எழுதினது?" என்றார் அநிர்பன்தா.

உண்மையைச் சொல்ல எனக்கு நல்ல சந்தர்ப்பம். இரண்டு விநாடி கிடைத்தது. அந்த இரண்டு விநாடியில் நான் தலையைக் குனிந்து, மோவாயைத் தடவி, "மனசுல வந்தது தாதா" என்றேன்.

அநிர்பன்தா எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார். மதுரைக்காரன் ஒருவன் வங்காளத்தில் இப்படி எழுதிவிட்டானே என்று சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பாடியது யார் என்றார்கள், ஸ்டூடியோவில் ஒரு பெண் என்றேன். ஒரு பொய் சொன்னால் அது தன் உற்றார் உறவினரைக் கூட்டிவரத்தானே செய்யும்! பௌதி தன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். "இந்த வருஷம் முருகேஷ் பாட்டுதான். நாங்க எல்லாரும் சேர்ந்து மேடையில பாடுறோம்" என்றார்.

அதோடு விடவில்லை. "ரெண்டு வரி மட்டும் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கு முருகேஷ். 'அன்னை இமயத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள்'னு இருக்கு. மாத்தட்டுமா?" என்று கேட்டு, அடித்துவிட்டு, பிறந்த வீட்டுக்கு வரும் மகள் (துர்கையை இங்கே அப்படித்தான் பார்க்கிறார்கள்) கதவைத் தட்டாமல் வாசலில் நிற்கிறாள் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தார். பெரிய மனது பண்ணி அனுமதித்தேன். ஒரு வாரம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தார், என் பாட்டை நானே சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக.

சுமதிக்கு மட்டும் சந்தேகம். "ஏங்க, லேக் மார்க்கெட்டுல கத்தரிக்கா வாங்க வங்காளத்துல ரெண்டு நிமிஷம் திக்குறீங்க. பாட்டு எப்படிங்க எழுதுனீங்க?"

"கலை வேற, கத்தரிக்கா வேற" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பூஜைக்கு ஒரு மாதம் இருந்தது. துணி எடுக்க நாங்கள் மூவரும் கரியாஹாட் போயிருந்தோம். அந்தச் சமயத்தில் கரியாஹாட்டில் நாமாக நடக்க வேண்டாம். கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் ஏதாவது ஒரு கடையில் இறக்கிவிடும். எங்களை ஒரு நைட்டிக் கடை முன்னால் இறக்கியது. கடையின் ஒலிபெருக்கியில் டாக் மேளம் அதிர்ந்தது. தெரிந்த அதிர்வாக இருக்கிறதே என்று நின்றேன். அதே குரல். அதே மெட்டு. 'மா வந்தாள், மா வந்தாள்' என்று வரவேண்டிய இடத்தில் 'நைட்டி வந்தது, நைட்டி வந்தது' என்று வந்தது. தொடர்ந்து பருத்தி நைட்டி, பூப்போட்ட நைட்டி, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். நடுவில் இமயத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள் என்ற வரி மட்டும் மாறாமல் இருந்தது.

"பாபா! ஏட்டா தோ தோமார் கான்! உன் பாட்டுப்பா!" என்று நிலா நடுரோட்டில் கத்தினாள். எங்கள் மகளுக்கு அதிர்ச்சி வந்தால் முதலில் வங்காளம்தான் வரும்.

எனக்கு அந்த நிமிடம் வந்த ஆத்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே திகைப்பாக இருக்கிறது. ஒரு யோக்கியன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். நானா போவேன்? என் பாட்டு! நான் ராப்பகலாக உருகி எழுதிய பாட்டு! அதை எடுத்து நைட்டி விற்கிறானே, இவன் மனுஷனா! திருட்டுப்பயலே என்று தமிழில் திட்டிக்கொண்டே, நடைபாதையில் நின்றபடி அநிர்பன்தாவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் அவசரக் கூட்டம். கல்கத்தாவில் ஒரு அநியாயம் நடந்துவிட்டால் ஜனங்களுக்கு வரும் உற்சாகம் வேறு எங்கும் வராது. ஊர்வலம் போகலாம் என்றார் ஒருவர். கடை முன்னால் உட்கார்ந்து ஒரிஜினல் பாட்டைப் பாடலாம் என்றார் இன்னொருவர். அநிர்பன்தா கையைத் தூக்கினார். "காப்பிரைட் சட்டம் எதுக்கு இருக்கு? நோட்டீஸ் விடுறேன்."

அவர் எழுதிய நோட்டீஸை வாசித்தபோது எனக்கே என்மேல் பக்தி வந்தது. 'எமது கட்சிக்காரர், தாய்மொழி வேறாயினும், தம் ஆன்மாவின் நீண்டகால உழைப்பால் படைத்த பாடலை...' என்று போயிற்று. கடைசியில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர் ஒன்றை என் முன்னால் வைத்தார். 'இப்பாடலின் ஒரே ஆசிரியர் நானே என்று உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்து. பிறகு நோட்டரி முத்திரை.

பேனாவைப் பிடித்ததும்தான் எனக்கு உறைத்தது. அரசாங்க உத்தியோகஸ்தன் நான். பொய்ப் பிரமாணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று தலையைத் தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பௌதி என் தோளைத் தட்டி, "பயப்படாதே, போடு. நாங்க இருக்கோம்" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படிச் சொல்வது? போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நைட்டிக் கடையின் வக்கீலிடமிருந்து தடிமனான உறை ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகைக்காக எல்லோரும் கிளப் அறையில் கூடியிருந்தோம். சுமதியும் நிலாவும்கூட வந்திருந்தார்கள். அநிர்பன்தா உறையைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல உரக்க வாசித்தார்.

பதில் சின்னதுதான். அந்தப் பாட்டு ஒரு செயலியில், உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்தி வார்த்தைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று செயலியே சொல்கிறது. எங்கள் கட்சிக்காரர் அழுத்தினார். பாட்டை அங்கே வைத்தவரின் பெயர் 'முருகேசன் லேக் கார்டன்ஸ் அஃபிஷியல்'. ஆதாரம் இணைப்பில்.

இணைப்பில் என் புகைப்படம் இருந்தது, பூரி கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்தது. அதன் கீழே, நான் அந்தச் செயலியிடம் டைப் அடித்த முழுவதும், ஒரு கால்புள்ளி விடாமல், அச்சாகியிருந்தது.

இலவசத் திட்டத்தில் பாட்டு மட்டுமல்ல, நாம் கேட்டதும் பொதுவில் போய்விடும் என்பது அந்த நிபந்தனைகளில் எங்கோ இருந்திருக்கிறது. மூன்று மாதமாக அது அங்கே, உலகம் பார்க்க, தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"இது என்ன, ஜிலேபி ஜிலேபியா?" என்றார் அநிர்பன்தா. "உன் பாஷைதானே? படிச்சு அர்த்தம் சொல்லு."

அப்போதுகூட எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தமிழ்தானே. இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது! காகிதத்தை வாங்கி, கண்ணை மூடி, "இது வந்து... பிரார்த்தனை. தாயே, எல்லாரையும் காப்பாத்து. நல்ல புத்தி கொடு" என்றேன்.

"இவ்வளவு நீளத்துக்கு அவ்வளவுதானா?"

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை தாதா."

சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. எதற்கு இவள் இப்படிப் பயப்படுகிறாள், இவள் இன்னும் காகிதத்தைப் பார்க்கவே இல்லையே என்று நினைத்தேன். அதற்குள் பௌதி கையை நீட்டினார். "இங்க கொடு முருகேஷ்."

மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். காகிதத்தைத் தூரத்தில் பிடித்தார். பிறகு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். தமிழில்.

"து... ர்... கா. பூ... ஜை... க்கு."

எனக்கு நாற்காலி கீழே இருக்கிறதா என்றே தெரியவில்லை. பௌதிக்குத் தமிழா? எப்போது? எப்படி?

"வ... ங்... கா... ள... த்... தில். ஒ... ரு. பா... ட்... டு." அவர் முகம் மலர்ந்தது. "ஏய், வாசிக்க வருதே!" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது. "ஷு... க்... லா. பௌ... தி. அட, என் பேரு போட்டிருக்கான்!" என்று குழந்தைபோலச் சிரித்து என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவேமாட்டேன்.

அங்கே இருந்தது இதுதான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது: 'துர்கா பூஜைக்கு வங்காளத்தில் ஒரு பாட்டு வேண்டும். ஷுக்லா பௌதி வருஷாவருஷம் பாடுவது மாதிரி தூக்கம் வருகிற பாட்டு வேண்டாம். அவர் பாடினால் மைக்கே கொட்டாவி விடுகிறது. கமிட்டிக்காரர்கள் அசந்துபோக வேண்டும். கஷ்டமான வார்த்தை போடாதே, எனக்கு வாயில் நுழையாது.'

'தூக்கம்' வரைக்கும் கூட்டிவிட்டு அவர் நிறுத்தினார். அந்த வார்த்தை தெரிந்திருக்கிறது. முகம் மெல்ல மாறியது. ஆனாலும் விடவில்லை, டீச்சர் அல்லவா, எடுத்ததை முடிக்காமல் வைக்கமாட்டார். "கொ... ட்... டா... வி. சுமதி, கொட்டாவின்னா என்ன?"

சுமதி தரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கேள்விக்கு விடை தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்களே, நிலா எழுந்து நின்றாள். "ஹாய் தோலா!" என்றாள் வங்காளத்தில். போதாததற்கு வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டும் காட்டினாள்.

பௌதி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். காகிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "எனக்கு வீட்டுல வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறையில் கோபப்படாத ஒரே ஆள் அநிர்பன்தா. அவருக்கு ஆனந்தம் தாளவில்லை. "முருகேஷ், என்ன அருமையான வழக்கு இது! கம்ப்யூட்டர் உண்டாக்கின படைப்புக்கு, அதை உண்டாக்கக் காரணமா இருந்தவரே ஆசிரியர்னு நம்ம சட்டத்துல ஒரு வரி இருக்கு. நீ காரணமா? நாலு வரி புலம்பினது காரணத்துல சேருமா? அது இன்னும் தெளிவாகலை! ஆனா நீதான் எதையும் படிக்காம சம்மதம்னு அழுத்திட்டியே. போச்சு." சற்று யோசித்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். "இந்தப் பாட்டுல சந்தேகமில்லாம மனுஷர் எழுதினது ஷுக்லாவோட ரெண்டு வரிதான். காப்பிரைட்னு யாருக்காவது உண்டுன்னா அவளுக்குத்தான். அந்த ரெண்டு வரியைக் கடைக்காரன் எடுக்கவே இல்லை. அவன் யோக்கியன்!"

பிறகுதான் அவருக்கு அந்த ஸ்டாம்ப் பேப்பர் ஞாபகம் வந்தது. அதை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கோர்ட்டுக்குப் போயிருந்தால் தன்னாலேயே என்னைக் காப்பாற்ற முடிந்திருக்காது என்றார். நோட்டீஸை வாபஸ் வாங்கி, நைட்டிக் கடைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். நல்ல இங்கிலீஷில் எழுதினேன்.

வீடு திரும்பி மாடிப்படி ஏறும்போதுதான் சுமதி சொன்னாள். "ஜனவரியிலேர்ந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்து தமிழ் படிக்கிறாங்க. சாம்பார்ப் பொடிக்கு அளவு கேக்க வர்றாங்கன்னு நீங்க நெனச்சீங்க. அஷ்டமி அன்னிக்கி மேடையில நமக்காக ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடணுமாம். இத்தனை வருஷமா நம்ம வங்காளத்துல கஷ்டப்படுறோமாம், ஒரு நாளாவது அவங்க நம்ம பாஷையில கஷ்டப்படணுமாம். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனாங்க."

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செயலியிடம் அப்படி எழுதியதற்கு இருக்கவேண்டிய வெட்கமே ஏகப்பட்டது, அது தீர்ந்தபிறகு மற்றதைப் பார்க்கலாம்.

மறுநாள் காலை மூன்றாவது மாடிக்குப் போனேன். வங்காளத்தில் மன்னிப்பை வரி வரியாக மனப்பாடம் செய்திருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. "பௌதி, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்று தமிழில் உளறினேன்.

"உள்ளே வாங்க. உட்காருங்க" என்றார் தமிழிலேயே. என்றைக்கும் ஒருமையில் பேசுகிறவர். சுமதி சொல்லிக்கொடுத்த தமிழ் அது, எனக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. டீ வைத்தார். எதிரே உட்கார்ந்து, இந்தத் தடவை வங்காளத்தில் கேட்டார். "என் பாட்டு நிஜமாவே தூக்கம் வருதா?"

பொய் சொல்லிச் சொல்லி இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இதற்கு மேல் என்னிடம் பொய் இல்லை. "ஆமா பௌதி" என்றேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பதறினேன். சிரிக்கிறார்!

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே! எல்லாரும் 'ஆஹா, என்ன உருக்கம்'னாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது முருகேஷ். நேத்து பூரா சாப்பிடலை. ஆனா ஒண்ணு சொல்றேன். மைக்கே கொட்டாவி விடுதுன்னு எழுதினே பாரு, இந்த விவகாரத்துலயே நீ சொந்தமா எழுதினது அது ஒண்ணுதான். நல்லா எழுதியிருக்கே."

அந்த வருடம் பௌதி தன் பாட்டைத்தான் பாடினார், தமிழ்ப் பாட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார். எனக்கு அவர் போட்ட தண்டனை அடுத்த பூஜைக்கு: நான் ஒரு பாட்டு எழுதவேண்டும். தமிழில், கையால், காகிதத்தில். செல்போன் சுமதியிடம் இருக்கும். மெட்டுப் போட்டு அவர் பாடுவார்.

நாலு மாதம் எழுதினேன். நாலு வரி வந்தது. இதோ:

அம்மா வந்தாள் சிங்கத்து மேலே,
ஆட்டோ நிக்குது ரோட்டு மேலே,
பூவைப் போட்டேன் பாதத்து மேலே,
பசிக்குது தாயே, எல்லாத்துக்கும் மேலே.

போன அஷ்டமி அன்று பௌதி மேடையேறி இதைப் பாடினார். நாலு வரி, எட்டு நிமிடம். 'சிங்கத்து'வில் மட்டும் ஒன்றரை நிமிடம் இருந்தார். பந்தலில் எங்கள் குடும்பத்தைத் தவிர ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆட்டோ வந்த இடத்தில் முன்வரிசை மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். சுமதி மட்டும் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள், அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குப் பசித்தாலும் சாப்பாடு கேட்பது கிடையாது. கடைசி வரியைப் பாடுவோம். நிலா பௌதியின் மெட்டில் பாட ஆரம்பித்தால் அவள் முடிப்பதற்குள் தோசை வெந்துவிடும். மூன்றாவது மாடியிலிருந்து பௌதி இரண்டாம் குரல் கொடுப்பதும் உண்டு.

அநிர்பன்தா அந்த நாலு வரியைப் பூஜை மலரில் முழுப் பக்கத்துக்குப் போட்டார். கீழே காப்பிரைட் குறி, அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் என் பெயர். எந்த இயந்திரமும் இவ்வளவு மோசமாக எழுதாது, இதைவிடப் பலமான ஆதாரம் எந்த ஆசிரியருக்கும் கிடைக்காது என்று கமிட்டியில் அறிவித்தார். அன்றிலிருந்து தெருவில் என்னை எங்கே பார்த்தாலும், அது பேருந்து நிறுத்தமானாலும் மீன்கடையானாலும், உரக்கக் கேட்பார்.

"முருகேஷ், யாராவது திருடினாங்களா?"

"இன்னும் இல்ல தாதா."

"தைரியமா இரு. நீ செத்த பிறகும் காப்பிரைட்டுக்கு அறுபது வருஷம் டைம் இருக்கு."